நீள்வெண்முகில் மன்றத்துப் பாய்லர்

நீள்வெண்முகில் தமிழ்ப் பெருமன்றத்துக்குச் சொந்தமாக ஆக்லாந்து நகரத்து மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீடு இருக்கிறது. முன்பாதி மன்றத்தின் விழாக்கூடம். பின்பாதியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும்; அதை வாடகைக்கு விட்டிருந்தார்கள். விழாக்கள் முன்னால் நடக்கும், வாழ்க்கை பின்னால் நடக்கும், நடுவில் ஒரே ஒரு சுவர்.

வெற்றி அந்தப் பின்பாதிக்குக் குடிவந்தது தமிழ்ப்பற்றால் அல்ல. மகள் மஹதிக்கு நான்கு வயது, பிறந்ததிலிருந்து வீசிங். குளிர் கொஞ்சம் ஏறினால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கிவிடும். அவள் படுக்கும் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக்லாந்தில் பெரும்பாலும் கூடத்தில் ஒரு ஹீட் பம்ப்பை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பார்கள். படுக்கையறை ஐஸ்பெட்டிதான். இந்த வீட்டிலோ, முன்பு இருந்த ஓர் ஆங்கிலேயர் கேஸ் பாய்லர் வைத்து, சுவருக்குள் குழாய் ஓட்டி, அறைக்கு அறை ரேடியேட்டர் மாட்டிவிட்டுச் செத்துப்போயிருந்தார். வெற்றியும் அவன் மனைவி லக்ஷ்மிப்ரியாவும் அந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். சுட்டது. உடனே சரி என்றார்கள். குடியிருப்பவர் மன்றத்தின் ஆயுள் உறுப்பினராகவும் சேர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. ஆயுள் என்ற சொல்லை வெற்றி அப்போது கவனிக்கவில்லை.

ஜூன் மாதம், இந்த ஊர்க் குளிர்காலம் தொடங்கும்போது, பாய்லர் நின்றது. சலவை அறைக்குப் போய்ப் பார்த்தால், அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. கீழே ஒரு குட்டிக் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் முள் எழுந்திருக்கும் என்று யூடியூபில் ஒரு ஆள் சொன்னான். வெற்றி திறந்தான். முள் எழுந்தது, பாய்லர் உறுமியது, வீடு சுட்டது. மறுநாள் மாலை முள் திரும்பவும் படுத்துவிட்டது. தண்ணீர் எங்கேயோ போகிறது என்று மன்றத்தின் செயலாளர் ஆனந்தவல்லிக்குப் போன் செய்தான்.

"தண்ணி போறது இருக்கட்டும் வெற்றி. குழாய நீங்களா திறந்தீங்க?"

"ஆமா மேடம். குழந்தைக்குக் குளிர்..."

"குழந்தைக்குக் குளிரும், இல்லேங்கல. ஆனா அது மன்றத்தோட குழாய் இல்லையா? செயற்குழுவுக்குத் தெரியாம திறந்தா நாளைக்கு ஆளாளுக்குத் திறப்பாங்களே."

ஆளாளுக்கு வந்து திறக்க அந்தச் சலவை அறையில் வேறு யாரும் இல்லை. அடுத்த நாள் குழாய்க்கு ஒரு பூட்டு வந்தது. சாவி பொருளாளர் தண்டபாணியிடம். அவர் இருப்பது துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆல்பனியில். வெற்றிக்கு வேலையும் ஆல்பனியில்தான், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில். சாயங்காலம் போகிற வழியில் சாவியை வாங்கிக்கொள்கிறேனே என்று போய் நின்றான்.

"சாவியத் தனியா அனுப்புற வழக்கமில்ல தம்பி. சாவி வந்தா செயற்குழுவும் கூட வரும்" என்றார் தண்டபாணி.

அப்படியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை செயற்குழு முழுதும் பட்டுவேட்டியும் பட்டுப்புடவையுமாகச் சலவை அறைக்குள் நெருக்கியடித்து நின்றது. கேஸ் இருக்கும் இடத்தில் தீ கூடாது என்று வாஷிங் மெஷின் மேல் பேட்டரிக் குத்துவிளக்கு வைத்து ஸ்விட்சைத் தட்டினார்கள். வாழ்த்துப்பாடல் முடிந்ததும் தலைவர் திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். திருநாவுக்கரசு மேடையில் பேசுகிற மாதிரியேதான் வீட்டிலும் பேசுவார். டெய்ரியில் பால் வாங்கும்போதுகூட ஒரு முன்னுரை இருக்கும் என்று கேள்வி.

"பேரன்புடையீர்! காவிரிக்குக் குறுக்கே கல்லணை கட்டிய இனம் இது. ஆற்றையே அடக்கிய நமக்கு ஒரு கொதிகலன் எம்மாத்திரம்? இந்தக் குழாயை இன்று நாம் திறக்கிறோம் என்றால், தண்ணீருக்காகத் திறக்கவில்லை. ஒற்றுமைக்காகத் திறக்கிறோம். வெப்பம் வரும், போகும். அமைப்பு நிற்க வேண்டும்!"

கைதட்டலுக்கு இடையில் தண்டபாணி குழாயைத் திறந்தார். முள் எழுந்தது. எல்லாரும் முள்ளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் முள் விழுந்துவிட்டது. அடுத்த விழா அடுத்த ஞாயிறுதான்.

வாரம் ஒரு விழா, இரண்டு நாள் சூடு என்று ஆயிற்று. இது சரிப்படாது, காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று வெற்றி கெஞ்சியதில் ஓர் ஆய்வுக்குழு அமைத்தார்கள். குழுவினர் பாய்லரைப் பார்க்கவில்லை. அதுதான் எல்லாருக்கும் தெரிந்த பாய்லர் ஆயிற்றே. அவர்கள் குடும்பத்தைப் பார்த்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து லக்ஷ்மிப்ரியா போட்ட காப்பியைக் குடித்தபடி கேள்வி கேட்டார்கள்.

"ரேடியேட்டர் தண்ணியில ரசம் கிசம் வைக்கிறீங்களாம்மா?"

"அதுல எப்படிங்க ரசம் வைக்க முடியும்?"

"முடியுமா முடியாதான்னு கேக்கல. வைக்கிறீங்களா?"

நீர் வெளியேறுவதை நேரில் கண்டவர் யாரும் இல்லை என்பதால் நீர் வெளியேறவில்லை என்றே கொள்ள வேண்டும், முள்ளுக்குத்தான் மனவுறுதி போதவில்லை என்று ஆய்வுக்குழு முடிவு சொல்லிவிட்டுக் கலைந்தது. அவர்களுக்கும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

லக்ஷ்மிப்ரியா கடைக்குப் போய் ஒரு எண்ணெய் ஹீட்டர் வாங்கிவந்து மஹதியின் அறையில் வைத்தாள். சில நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தச் சனிக்கிழமை முன்பாதியில் கவியரங்கம். பெரிய ஸ்பீக்கர்கள், மேடை விளக்குகள், பின்பாதியில் ஹீட்டர் எல்லாம் சேர்ந்தபோது பழைய வீட்டு வயர் தாங்கவில்லை. தலைவர் தம் கவிதையின் பதினோராவது பக்கத்தில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. சபை மகிழ்ச்சியோடு எழுந்துவிட்டதாகக் கேள்வி. தலைவர் அதை மன்னிக்கவே இல்லை. பாதுகாப்பு கருதி மன்ற வளாகத்தில் தனிநபர் வெப்பமூட்டிகளுக்குத் தடை வந்தது.

"டிரிபியூனலுக்குப் போலாம் வெற்றி. வாடகை வீட்ட சூடா வச்சிருக்கணும்னு இந்த ஊர்ல சட்டமே இருக்கு" என்றாள் லக்ஷ்மிப்ரியா. அவள் சொன்னது நியாயம்தான். வெற்றியும் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு தலைவரிடம் போய்ச் சொன்னான்.

திருநாவுக்கரசு கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "வழக்கா? யார் மீது? மன்றத்தின் மீதா? மன்றம் என்றால் யார்? உறுப்பினர்கள். தாங்கள் ஆயுள் உறுப்பினர். ஆகவே தாங்கள் தங்கள் மீதே வழக்குத் தொடுக்கிறீர்கள். ஒரு தமிழன் தன்னைத் தானே நீதிமன்றத்துக்கு இழுப்பதை இந்த வெள்ளைக்காரர்கள் பார்க்க வேண்டுமா?"

வேறு வீடு பார்க்கலாம் என்றால், போன இடத்திலெல்லாம் வாசலில் கல்யாணப் பந்திக்கு நிற்பது போல வரிசை. குழந்தைக்கு வீசிங் என்று வாய் தவறிச் சொன்ன இடங்களிலிருந்து பதிலே வரவில்லை.

ஜூலையில் ஒரு விடியற்காலை மஹதிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப்போனார்கள். மருத்துவமனையில் அவள் முகத்தில் மாஸ்க்கைக் கட்டியிருந்ததை வெற்றி பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயம். இன்னொரு முறை இப்படி வந்தால் நேரத்துக்கு வந்து சேர்வீர்கள் என்று சொல்ல முடியாது, முதலில் அந்த வீட்டைச் சூடாக்குங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மாலை செயற்குழு பழக்கூடையோடு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, மன்ற மலருக்குப் படம் எடுத்துக்கொண்டது. மஹதி படத்துக்குச் சிரித்தாள். யார் கேமராவை நீட்டினாலும் சிரிக்க வேண்டும் என்று கிண்டர்கார்டனில் பழக்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெற்றி யாரையும் கேட்கவில்லை. சான்ட்ரிங்ஹாம் மளிகைக்கடையில் விசாரித்து, கிளெமென்ட் என்ற பிளம்பரைத் தானே அழைத்துவந்தான். மன்னார்ப் பக்கத்துக்காரர், நல்ல உயரம். பாய்லரைச் சுற்றிப் பார்த்தார், ஒரு கருவியைச் சுவரெல்லாம் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கூடத்துக்கும் பின்பாதிக்கும் நடுவிலிருந்த அந்த ஒரே சுவரில், கூடத்துப் பக்கம் ஒரு கருங்கல் மாட்டியிருந்த இடத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இஞ்ச பாருங்கோ. சுவர் ஈரம். இந்தக் கல்லுக்கு நேர பின்னால உங்கட குழாய் போகுது. கல்லச் சுவரில பூட்டேக்க ஸ்குரூ ஆணிய குழாய்க்குள்ளயே இறக்கிப்போட்டினம். இதக் கழட்டினா எனக்கு அரை மணித்தியால வேல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அந்தக் கல் சாதாரணக் கல் அல்ல, மன்றக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் கல்வெட்டு. யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு வந்து, மன்றமே இரண்டாகப் பிளந்து, கடைசியில் முதலும் முடிவும் இல்லாதபடி வட்டமான கருங்கல்லில் பெயர்களை வட்டமாகவே பொறிப்பது என்று சமாதானம் ஆயிற்று. கல் வந்த பிறகு, மாட்டும்போது யார் பெயர் உச்சியில் இருப்பது என்று மறுபடி தகராறு. பொதுக்குழு கூடி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருநாவுக்கரசின் பெயருக்கும் தண்டபாணியின் பெயருக்கும் நடுவிலிருந்த பூப்படம் உச்சியில் வரும்படி மாட்டினார்கள். எதிர்க்கோஷ்டி யாரும் ஒருநாள் வந்து கல்லைத் தங்கள் பக்கம் கொஞ்சம் திருகிவிடக் கூடாதே என்று கடையில் இருந்ததிலேயே நீளமான திருகாணியாகப் பார்த்து வாங்கிப் போட்டார்கள். அந்த ஆணிதான் குழாய்க்குள் இறங்கியிருந்தது.

வெற்றி சந்தோஷமாக அவசரக் கூட்டத்துக்குப் போனான். காரணம் தெரிந்துவிட்டது, அரைமணி வேலை, பிளம்பரும் கையோடு இருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கல்லைக் கழற்றுவது எளிது. திரும்ப மாட்டும்போது பூ அதே இடத்தில் வரும் என்பதற்கு யார் பொறுப்பு?" என்றார் தலைவர்.

"அளந்து வச்சிக்கலாங்க. போட்டோ எடுத்துக்கலாம்."

"போட்டோவையே சாச்சு எடுப்பாங்க, நீங்க புதுசு" என்றார் தண்டபாணி. இந்த ஒரு விஷயத்தில் தலைவரும் பொருளாளரும் ஒற்றுமையாக இருந்ததைப் பார்த்துச் சபை நெகிழ்ந்துபோயிற்று.

"அன்பர் வெற்றியின் மகள் நம் எல்லோருக்கும் மகள்" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அக்குழந்தை வளர்ந்து, ஒருநாள் இக்கல்வெட்டைப் படிக்க வேண்டும். அதற்காகவாவது இது அசையாமல் இருக்க வேண்டாமா?"

அந்தக் குழந்தை வளர்வதுதான் கேள்வியே என்று லக்ஷ்மிப்ரியா எழுந்து கத்தினாள். உணர்ச்சிவசப்பட்டதற்காக அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். பிறகு, கசிவைக் கண்டறிந்த கிளெமென்டுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்த மேடையிலேயே அவரை மன்றத்தின் தொழில்நுட்ப ஆலோசகராக அறிவித்தார்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் கை விட்டவர். ஒருவர்கூட அவரை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் வெற்றி அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, யாரும் இல்லாதப்ப வந்து கழட்டிடுங்கண்ணே."

"நேற்றெண்டா செய்திருப்பன் தம்பி. இண்டைக்கு நானும் மன்றத்து ஆள் எல்லோ. ஆலோசகர் எண்டா ஆலோசனைதான் சொல்லலாம். கழட்டுறதெண்டா பொதுக்குழுவில கதைக்கோணும்" என்று கிளெமென்ட் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

பொதுக்குழு கூடுவது குளிர் முடிந்து, வசந்தகாலத்தில். மஹதிக்கு அதுவரை நேரம் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? திங்கட்கிழமை வெற்றி லீவு போட்டான். கல்லை இறக்கிவிட்டால் குழாயை அடைக்க வேறு பிளம்பர் வருவார் என்று கணக்கு. பட்டப்பகலில் கூடத்தைத் திறந்து ஏணியைப் போட்டு ஏறினான். லக்ஷ்மிப்ரியா கீழே நின்று கல்லைத் தாங்கிக்கொண்டாள். மற்ற ஆணிகளை முதலில் தளர்த்திவிட்டு, கடைசியில் அந்த நீள ஆணியைத் திருகினான். திருகத் திருக வந்துகொண்டே இருந்தது. முழுதும் வெளியே வந்ததும் துளையிலிருந்து வெந்நீர் பீய்ச்சியடித்து அவன் மார்பை நனைத்தது. ஓட்டையைப் போட்டதும் அந்த ஆணிதான், இதுநாள்வரை அடைத்துக்கொண்டிருந்ததும் அந்த ஆணிதான். வெற்றி பதறிப்போய்க் கல்லைச் சுவரோடு வைத்து நெஞ்சால் அழுத்திக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, ஆண்டுவிழாவுக்கு மேடை அளக்கத் தலைவரும் ஆனந்தவல்லியும் உள்ளே வந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து, இரு கையாலும் கல்வெட்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கும் வெற்றியைப் பார்த்தார்கள்.

"ஐயையோ, கல்லு விழப் பாத்திருக்கு! வெற்றி தாங்கிப் புடிச்சிட்டு நிக்கிறார் சார்!" என்று ஆனந்தவல்லி கூவினாள்.

"முதலில் ஆணி! ஆணியைப் போடுங்கள்!" என்று தலைவர் கீழே கிடந்த நீள ஆணியை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் முன்னுரை இல்லாமல் பேசி அன்றுதான் வெற்றி கேட்டான்.

பின்பாதியில் மஹதி இருமுவது கேட்டது. லக்ஷ்மிப்ரியா, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றி ஆணியை வாங்கி, அதே துளையில் வைத்து, கடைசிப் புரிவரை அவனே முடுக்கினான். தண்ணீர் நின்று, பழையபடி கசியத் தொடங்கியது.

செயற்குழு அன்றைக்கே கூடியது. ஈரத்தால் கல்வெட்டுக்கு ஆபத்து என்று முதல்முறையாக எல்லாரும் உணர்ந்தார்கள். தொழில்நுட்ப ஆலோசகரிடம் நிரந்தரத் தீர்வு கேட்டார்கள். கிளெமென்ட் தரையைப் பார்த்தபடி, "தண்ணி இருந்தாத்தானே கசியும்" என்றார். வெள்ளிக்கிழமை அவரே வந்து பாய்லரிலும் குழாய்களிலும் இருந்த தண்ணீரையெல்லாம் இறக்கிவிட்டுப் போனார். போகும்போது வெற்றியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஆண்டுவிழாவில் வெற்றிக்குக் 'கல்வெட்டுக் காவலர்' விருது என்று அறிவித்தார்கள். "போ. போயி மைக்க வாங்கி நடந்தத சொல்லு. இத்தன பேரு முன்னால சொன்னா யாராவது ஒருத்தருக்காவது உறைக்கும்" என்றாள் லக்ஷ்மிப்ரியா. சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். வாக்கியங்களைக்கூட ஆல்பனி பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

கூடம் நிரம்பியிருந்தது. அத்தனை பேர் மூச்சில் முன்பாதி நன்றாகவே சூடாக இருந்தது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். "இத்தகைய காவலர் நம்மோடு எந்நாளும் இருக்க வேண்டும். அவர் விரும்பும்வரை இதே இல்லத்தில் இதே வாடகையில் இருப்பார் என்று இந்த மன்றம் வாக்களிக்கிறது!" என்று தலைவர் முழங்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை நீட்டி, இரண்டே நிமிடம் என்று காதில் சொன்னார்.

வெற்றி சபையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் சூடு போகும். ஆனால் சூடுதான் ஏற்கெனவே போய்விட்டதே. வரிசையில் நின்று பார்த்த வீடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கடைசி வரிசையில் ஜாக்கெட்டும் குல்லாயுமாக மஹதி, அம்மா மடியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தாள். வெற்றி தொண்டையைச் செருமினான்.

"தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவுக்கும் என் மனமார்ந்த நன்றி" என்றான்.

இறங்கி வந்தபோது லக்ஷ்மிப்ரியா குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. கூடத்தில் சாம்பிராணி போட ஆரம்பித்திருந்தார்கள், அந்தப் புகை மஹதிக்கு ஆகாது. பின்பாதிக்குப் போனால் வாயிலிருந்து ஆவி வந்தது. அவள் இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி அவன் காலரைப் பிடித்தாள்.

"அப்பா, கேன் வீ ஸ்லீப் இன் த கார்? த கார் இஸ் வார்ம்."

வெற்றி அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்து, என்ஜினைப் போட்டு, ஹீட்டரை முழுதும் திருப்பினான். லக்ஷ்மிப்ரியாவும் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. மஹதியின் விசில் தணிந்தது. அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பாய்லர் காலியான பிறகு மூன்று பேருக்கும் ஒன்றாகச் சுட்டது இப்போதுதான்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். குனிந்து பார்த்துச் சிரித்தபடி தலைவர் நின்றார்.

"காவலரே, குழுப்படம்! தங்களுக்காக அனைவரும் காத்திருக்கிறோம். குடும்பத்தோடு வாருங்கள், கல்வெட்டுக்கு முன்னால் எடுக்கிறோம்."

வெற்றி என்ஜினை அணைத்தான்.